அட்டை வந்தது, பட்டறை வரவில்லை

2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். மதனப்பள்ளிக்கு அருகே, மழை அதிகம் எட்டிப் பார்க்காத மலையடிவாரத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்ந்தே அறியப்படும் ரிஷி வேலி இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்தப் பள்ளியைப் பார்க்க அவர்கள் போகவில்லை. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் சேர்த்து நடத்திக்கொண்டிருந்த சின்னப் பள்ளிகளைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து, அங்கே பார்த்ததுபோல் அட்டைகளைக் கொண்டு குழந்தைகள் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றலைச் சென்னையில் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-இல் அது தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போய்விட்டது.

நான்கே ஆண்டில் இப்படி ஒரு பரவல் நம் கல்வித் துறையில் அபூர்வம். மகிழ்ச்சியோடு கொஞ்சம் சந்தேகமும் படவேண்டிய வேகம் அது. அத்தனை பள்ளிகளுக்கும் அட்டையை அச்சடித்து அனுப்பிவிடலாம். அந்த அட்டையைச் செய்து செய்தே ஆசிரியரானவரை எந்த லாரியில் ஏற்றி அனுப்புவது?

ரிஷி வேலியின் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் 1980-களின் பிற்பகுதியில் அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேலையைத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது கல்வித் தத்துவம் எதுவுமில்லை, அன்றாடச் சிக்கல்தான். ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பையன் ஒரு வாரம் பள்ளிக்கு வரமாட்டான். அறுவடைக் காலத்தில் பாதி வகுப்பு வயலில் இருக்கும். அவர்கள் திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். விட்டதைப் பிடிக்க முடியாத பிள்ளை 'மக்கு' ஆகிவிடும். அதனால் பாடப்புத்தகத்தையே பிரித்துப்போட்டார்கள். ஒவ்வொரு பாடமும் ஓர் ஏணி. ஏணியில் படிப்படியாக நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு, தேவைப்பட்டால் குறைதீர்க்கும் வேலை என்று தனித்தனி அட்டைகள். அட்டையின் மேலுள்ள சின்னத்தைப் பார்த்தாலே ஆசிரியரோடு உட்காரவேண்டுமா, கூட்டாளியோடு உட்காரவேண்டுமா, தனியாகச் செய்யவேண்டுமா என்று எழுத்து முழுக்கத் தெரியாத குழந்தைக்கும் புரிந்துவிடும். பத்து நாள் கழித்து வருகிற பையன் தான் விட்ட படியில் காலை வைத்து ஏறலாம்.

இந்த ஏணியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் உருவான விதம். அவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த உள்ளூர் இளைஞர்கள். நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்கு முதல் பாடம். பிறகு அட்டை செய்யும் பட்டறை. ஊர்க் கிழவிகள் சொல்லும் கதை, விடுகதை, பாட்டு எல்லாம் அட்டையாகும். குழந்தைகளே சந்தை போட்டு எடை, அளவு, காசுக் கணக்கு பழகும் திருவிழாவும் நடக்கும். வகுப்பில் எடுபடாத அட்டையைத் திருத்தியாகவேண்டும்.

அட்டை செய்ய உட்காருகிறவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வருவதற்கு முன்னால் இந்தக் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும்? பத்துகளும் ஒன்றுகளும் கைக்கு வந்துவிட்டனவா? எந்த இடத்தில் தடுக்கி விழும்? விழுந்தால் எந்தப் படிக்கு இறக்கிவிடுவது? பாடத்தைக் குழந்தையின் கண்ணால் பார்க்கும் இந்த வேலையைக் கற்றுத்தரத்தான் பி.எட்.டில் கற்பித்தல் முறை என்று ஒரு தாளே இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் 'லெசன் பிளான் ரெக்கார்டு' எழுதுவதில் முடிகிறது. சீனியரின் ரெக்கார்டு ஜூனியருக்குக் கைமாறும் கதை படித்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் ரீகன்ஸ்பர்க், வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ரிஷி வேலியிடமிருந்து ஏணியை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆசிரியராகப் படிக்கும் மாணவர்கள் தங்கள் பாடங்களுக்குத் தாங்களே ஏணி கட்டிப் பழகுகிறார்கள். மதனப்பள்ளியிலிருந்து வெகுதூரம் போனவர்கள் சரியான பொருளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பக்கத்தில் இருந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டோம்? முதலில் கர்நாடகம். 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டையில் யூனிசெஃப் உதவியோடு 'நலி கலி' திட்டம் தொடங்கியது. ரிஷி வேலியைப் பார்த்துவிட்டு வந்த அந்த வட்டத்து ஆசிரியர்கள் தங்கள் கன்னட அட்டைகளைத் தாங்களே செய்தார்கள். சென்னையிலும் தொடக்கம் அப்படித்தான். அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை அனுப்பினார், காத்திருந்தார், அவர்கள் கையால் அட்டை செய்ய இடம் கொடுத்தார். மேலிருந்து உத்தரவு போடக்கூடிய அதிகாரி இப்படிக் காத்திருப்பது எளிதல்ல.

பிறகு அவரே மாநில அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பொறுப்புக்கு வந்தார். முறையும் மாநிலம் முழுக்க விரிந்தது. இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வாத்தியார் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. கம்பிப் பந்தலில் குழந்தைகள் வரைந்த படங்கள் தொங்கின. பிரம்பு மறைந்த வகுப்பறைகளை ஒரு தலைமுறை பார்த்தது. இதுவும் ஆசிரியர் கல்விதான். ஒருவர் உட்காரும் இடத்தை மாற்றினால் அவர் பேசும் தொனியும் கொஞ்சம் மாறுகிறது.

ஆனால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் கையில் அட்டை தயாராக வந்து சேர்ந்தது. ஏன் இந்தப் படிக்குப் பிறகு அந்தப் படி, ஏன் இங்கே குழுவேலை, அங்கே தனிவேலை என்ற கேள்விகளுக்கான விடை அட்டையைச் செய்தவர்களின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. சில நாள் பயிற்சியில் சொல்லித்தர முடிந்தது பயன்படுத்தும் விதத்தைத்தான். மேற்பார்வைக்கு வந்தவர்களுக்கும் கண்ணில் படுவதையே கணக்கெடுக்க முடியும்: அட்டைத் தட்டுகள் வரிசையாக இருக்கின்றனவா, ஏணி சுவரில் இருக்கிறதா, சாதனை அட்டவணை நிரப்பியிருக்கிறதா. அட்டை கிழிந்தால் புதியது எப்போது வரும் என்று காத்திருந்த ஆசிரியருக்கு, தானே ஒன்று செய்துகொள்ளலாம் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அச்சிட்டதை விட்டுவிட்டுக் கையால் எழுதியதை வைத்திருந்தால் யாராவது கேள்வி கேட்பார்களோ என்ற பயம் வேறு. பின்னால் எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் வந்தது. 2022-இல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கும் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் புதிய பொட்டலத்தைப் பிரிக்கும் ஆளாகவே இருந்தார்.

பழியை எல்லாம் பரவலின் மேல் போட்டுவிட்டு மூலத்தைப் புனிதமாக்குவதும் நேர்மையில்லை. ஏணிக்குள்ளேயே சில பலவீனங்கள் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் படியேறும் ஏற்பாடு எழுத்தறிவுக்கும் அடிப்படைக் கணக்குக்கும் பொருந்துகிறது. ஒரு கதையைக் கேட்டுவிட்டு வகுப்பே சேர்ந்து வாதாடும் இன்பம் அட்டைக்குள் அடங்காது. நல்ல அட்டையே ஆசிரியரைச் சோம்பேறியாக்கவும் முடியும். சின்னம் சொல்கிறபடி குழந்தை நகர்ந்துகொண்டிருக்க, அவர் வெறும் போக்குவரத்துக் காவலராக நின்றுவிடலாம். இருபது பிள்ளைகள் உள்ள அறையில் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாற்பது என்றால் அதுவே தனிக் குமாஸ்தா வேலை. பெற்றோருக்கும் ஒரு நியாயமான கேள்வி இருந்தது: புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, என் பிள்ளை படிக்கிறதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

இன்னொரு பலவீனம் ஆட்களைச் சார்ந்தது. ஒரு தம்பதியர், ஓர் ஆணையர் என்று தனிமனிதர்களின் தோளில் ஏறித்தான் இது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆளை மட்டும் சாராத ஏற்பாட்டுக்கும் உதாரணம் உண்டு. கொலம்பியாவில் 1970-களில் விக்கி கோல்பெர்ட் முதலானோர் தொடங்கிய 'எஸ்குவேலா நுவேவா'வும் ஒற்றை ஆசிரியர் கிராமப் பள்ளிகளுக்கான முறைதான். அங்கேயும் பயிற்சியின் முதல் கட்டம் நன்றாக நடக்கும் பள்ளியைப் போய்ப் பார்ப்பது. அதன் பிறகு அக்கம்பக்கத்து ஆசிரியர்கள் கூடிப் பேசும் சிறு வட்டங்கள் தொடரவேண்டும் என்பது அந்த முறையின் உறுப்பாகவே வைக்கப்பட்டது.

அப்படி ஒரு வட்டம் ஆந்திரத்துக்குப் புதிதல்ல. பிரிட்டன் நிதியுதவியோடு 1980-களில் தொடங்கிய ஆந்திரத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் ஆசிரியர் மையங்கள் இருந்தன. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே கூடித் தாங்கள் செய்த கருவிகளைக் காட்டி, செய்த தவறுகளைப் பேசவேண்டும் என்பதே ஏற்பாடு. பிறகு வந்த திட்டங்கள் கட்டடத்தையும் கூட்டத்தையும் வைத்துக்கொண்டன. கூட்டத்தின் நிரலை மேலே இருந்து அனுப்பத் தொடங்கிய நாளில் வட்டம் வரிசையாகிவிட்டது. 2019-இல் மத்திய அரசு தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சித் திட்டம் 42 லட்சம் ஆசிரியர்களை எட்டப் புறப்பட்டது. தேசியப் பயிற்சியாளர், அவரிடம் கற்ற மாநிலப் பயிற்சியாளர், கடைசியில் ஆசிரியர் என்று அருவிபோல் இறங்கும் ஏற்பாடு. அருவியில் தண்ணீர் கீழே போகப்போகக் குறைவதில்லை. இதில் கீழே போகப்போகச் சொட்டுகிறது. கொரோனா வந்ததும் அது திரைக்கு மாறியது. 2020 கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. மணியை எண்ணுவது சுலபம்.

மதனப்பள்ளி இருக்கும் அதே ஆந்திரத்தில், திருப்பதியில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை. கருத்தரங்குகளுக்கும் பஞ்சமில்லை; அவற்றில் ஃபின்லாந்தின் பெயர் அடிக்கடி காதில் விழும், மதனப்பள்ளியின் பெயர் அரிதாக. ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று நாம் மாலை போடும் ராதாகிருஷ்ணன் சிறுவயதில் படித்ததும் திருப்பதியின் லுத்தரன் மிஷன் பள்ளியில்தான். அன்றைக்கு விருது வாங்குகிறவர் தனி ஆசிரியர். சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவருக்கும், தன் வகுப்பைத் திறந்துவைத்தவருக்கும் விருது கிடையாது.

சித்தூர் மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் கார்வேட்டிநகரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நகரி. தமிழ்வழிப் பள்ளிகள் இன்னும் மிச்சமிருக்கும் எல்லைப் பகுதி. மாநிலம் முழுவதற்கும் ஒரே கையேடு தெலுங்கில் தயாராகும்போது, இங்கே தமிழில் பாடம் எடுக்கும் ஆசிரியர் அதை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே பயிற்சியில் உட்காரவேண்டும். தெலுங்கு ஏணியின் முதல் படியிலுள்ள எழுத்துகள் தமிழ் ஏணியின் முதல் படிக்கு உதவாது. எந்த எழுத்து எளிது, எது எதோடு குழம்பும், எந்தச் சொல் நகரிப் பக்கத்துக் குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அங்கே இருப்பவர்தான் உட்கார்ந்து கண்டுபிடிக்கவேண்டும். ஐந்தாறு ஆசிரியர்கள், ஓர் அறை, வெற்று அட்டைகள், மறுநாள் சோதித்துப் பார்க்க ஒரு வகுப்பு போதும். வருகைப் பதிவேட்டில் அந்த நாளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.