கையறுநிலையும் சுராங்கனிப் பாட்டும்

தலைவன் இறந்தவழி அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்குதல் கையறுநிலை எனப்படும். புரவலர்க்கு உரியதாய் இருந்த இப்புறத்துறை இக்காலத்தே மேடைப் பாடகர்க்கும் உரியதாயிற்று. பொப் இசைச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட ஏ. ஈ. மனோகரன் 2018 சனவரி 22ஆம் நாள் சென்னையில் காலமானபோது, பதுளை, பசறைப் பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த முதிய ரசிகர் உள்ளத்தெழுந்த இரக்கமும் அத்தகையதே. அவர்கள் முதற்கண் நினைந்தது சுராங்கனிப் பாட்டினையாம்.

அப்பாட்டின் பொருள் மிக எளிது. சுராங்கனி என்பாளுக்கு மீன் கொண்டுவந்த செய்தியே அது. கடற்கரைக்குரிய அச்செய்தி, கடல் காணாத நமுனுகுலைச் சாரலில் எங்ஙனம் வேரூன்றியது? காரணம் பொருளன்று, தாளமே. போர்த்துக்கேயர் வருகையின் பின் இலங்கையில் உருப்பெற்ற பைலாவின் துள்ளல், காமன் கூத்தில் தப்பின் அடிக்கு ஆடிப் பழகிய கால்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. மக்கள் வழங்கும் இசைப்பாட்டுக்குப் பண்ணத்தி எனப் பெயர் தந்து தொல்காப்பியரும் செய்யுளியலில் இடமளித்தார். ஆதலின் இத்தகைய பாட்டைச் சொல்லாழம் ஒன்றே கொண்டு அளத்தல் முறையன்று.

ஆயின், இப்பாட்டு இனவேற்றுமையை அழித்தது என ரசிகர் சிலர் கூறுவது மிகையாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1983 சூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. பாட்டு அத்தீயைத் தடுக்கவில்லை.

அங்ஙனமாயின் அதன் பயன் யாது? 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானபின், தோட்டத் தொழிலாளிக்கு அம்மொழி பெரும்பாலும் விளங்காத படிவத்தின் மொழியாகவே வந்தது. மனோகரன் அதனையே சிரிப்பின் மொழியாக, அச்சமின்றிக் கைதட்டிப் பாடும் மொழியாக, தமிழோடு இணைத்து அளித்தார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இளையராஜாவின் இசையில் அப்பாட்டு தமிழகத்திலும் ஒலித்தது. ஒப்பந்தத்தால் அங்குக் குடியேறியோர்க்கு அது பிறந்த மண்ணின் ஓசையாய்த் தோன்றியிருத்தல் இயல்பே.

அயலவன் மொழியைப் பகையின்றி நாவில் ஏற்கச் செய்தல் சிறுபணியன்று. ரசிகரின் புகழுரையில் மிகையை நீக்கியபின் எஞ்சுவது இதுவே. அக்கலைஞனுக்கு இதுவே நிலைத்த புகழாகும் என்க.