மிலாறு அடுப்பில் சுட்ட ரொட்டி

தோட்டத்து ரொட்டிக்கு முதல் இலக்கணம் தடிமன். சுண்டுவிரல் கனத்துக்குக் குறைந்தால், "இது என்னா ரொட்டியா, அப்பளமா?" என்று கேட்டுவிடுவார் எங்கள் அத்தை. கொழும்புக் கடைகளில் கிடைக்கும் தேங்காய் ரொட்டி மெல்லிசாக, ஓரம் மொறுமொறுவென்று, கையகலத்துக்கு அழகாகத்தான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டனுக்கு மேலே, நோர்வூட் தாண்டி, பொகவந்தலாவைப் பக்கம் வளர்ந்த நாக்குக்கு அது பலகாரம்தான், சாப்பாடு இல்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சுடுகிற ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டு மலை ஏறினால் மத்தியானம் வரை வயிறு கூப்பிடாது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் நிற்பவர்களின் பசியை அளந்து வைத்த தடிமன் அது.

அங்கேயே இருந்த காலத்தில் இதன் நயம் எங்களுக்குத் தெரியவில்லை. ரொட்டி என்றால் அன்றாடம். சோறு பொங்குகிற பொழுதைத்தான் பிள்ளைகள் எதிர்பார்த்துக் கிடப்போம். பிழைப்புக்காகக் கொழும்புக்கு இறங்கி, பாணும் பருப்புமாகக் காலம் போன பிறகு, தைப்பொங்கலை ஒட்டி ஊருக்குப் போகும்போதுதான் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிகிறது.

போகிற வழியிலேயே வாய் தயாராகிவிடுகிறது. நாவலப்பிட்டியைத் தாண்டி ரயில் ஏற்றத்தில் மெல்ல ஊரும்போது வடைக்கூடை பெட்டிக்குள் வரும். பருப்பு வடையின் முதுகில் ஓட்டோடு ஒட்டிய இறால், மேலே கொஞ்சம் வெங்காயம், பொரித்த செத்தல் மிளகாய். எவரோ ஒரு பிள்ளை கணக்குச் செய்த கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். வடை தின்று முடிந்ததும் தாளில் ஆசிரியர் போட்ட சிவப்புச் சரி அடையாளங்கள் எண்ணெயில் ஊறித் தெரியும். அட்டனில் இறங்கினால் 1,200 மீட்டருக்கு மேல் உயரத்துக் குளிர் காதைப் பிடிக்கும். அங்கிருந்து பொகவந்தலாவை பஸ். டிக்கோயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரம், நோர்வூட். வளைவுக்கு வளைவு பச்சை. சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் காலமும் அதுதான் என்பதால் அட்டன் முழுக்க யாத்திரைக் கூட்டம் நிறைந்திருக்கும்.

இனி அடுப்படி. எங்கள் லயத்துக் காம்பராக்களில் சமையல் வாசனையோடு எப்போதும் சேர்ந்திருப்பது மிலாறுப் புகை. தேயிலையை நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுந்த கொப்பு காய்ந்தால் மிலாறு. மலையில் வேலை முடிந்து இறங்கும் பெண்கள் அதைக் கட்டாகக் கட்டிச் சுமந்து வந்து இஸ்தோப்பில் சாத்தி வைப்பார்கள். விரல் பருமனுக்கும் மணிக்கட்டுப் பருமனுக்கும் இடையில் கோணல்மாணலாக இருக்கும். சட்டென்று பற்றும், நின்று எரியும், எரிந்த பிறகு நல்ல தணல் விழும். இந்தத் தணல்தான் ரொட்டிக்கு வேண்டும். இப்போது எரிவாயு அடுப்பும் சில காம்பராக்களில் உண்டு. தேத்தண்ணிக்கு அது போதும். ரொட்டி சுடும் நேரத்தில் அத்தை மிலாறு அடுப்புக்கே வந்துவிடுகிறார்.

அவர் மாப் பிசைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசினில் கோதுமை மாவைக் கொட்டி, துருவிய தேங்காய்ப்பூவைப் போட்டு, உப்பைத் தூவுகிறார். உடனே தண்ணீர் ஊற்றுவதில்லை. முதலில் விரல் நுனிகளால் மாவையும் தேங்காய்ப்பூவையும் உரசி உரசி உதிர்க்கிறார். தேங்காயின் எண்ணெய்ப் பசை மாவில் ஏறி, பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும் என்கிற பதம் வந்த பிறகுதான் கை தண்ணீர்ச் செம்புக்குப் போகிறது. தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றாமல் தெளித்துத் தெளித்துச் சேர்க்கிறார். மாவில் எண்ணெய்ப் பசை முதலில் ஏறிவிட்டால் அது சவ்வாக இழுபடாது. ரொட்டி ஆறினாலும் தோலாகாது. அத்தை இதை விளக்கிச் சொன்னதில்லை. "அவசரப்பட்டா வெறைச்சுப் போகுமய்யா" என்பதோடு அவர் பாடம் முடிந்தது.

உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டுகிறார். வட்டம் கச்சிதமாக வராது. ஓரத்தில் நாலு விரலும் பதிந்த பள்ளங்கள் தெரியும். பக்கத்துக் காம்பரா அக்கா தட்டும் ரொட்டியில் நடு கொஞ்சம் மேடாக இருக்கும். எதிர் லயத்து ஆயா தட்டினால் ஓரம் வெடித்திருக்கும். சிறுபிள்ளைகளாக இருந்தபோது ரொட்டியைப் பார்த்தே எந்த வீட்டுக் கை என்று சொல்லிவிடுவோம். கல்லில் எண்ணெய் தடவும் வழக்கமில்லை. ஒரு பக்கம் கறுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, மறுபக்கமும் புள்ளி விழுந்ததும் கல்லிலிருந்து எடுத்து, தணலைப் பார்த்தபடி அடுப்புக் கல்லில் சாய்த்து நிறுத்துகிறார். நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு தடிமனின் நடுப்பகுதி கல்லில் வேகாது. அப்படி வேகவிட்டால் மேல் கருகிவிடும். தணலின் அனலில் நின்றபடி உள்ளே மெல்ல வெந்து, தேங்காய்ப்பூ இலேசாகச் சிவந்து, புகை வாசம் ஏறி, ரொட்டி தயாராகிறது. பிட்டால் உள்ளேயிருந்து ஆவி வரும்.

அதற்குக் கட்டச்சம்பல். அம்மியில் செத்தல் மிளகாயையும் கல்லுப்பையும் முதலில் அரைத்து, மாசித் துண்டை வைத்துத் தட்டி, கடைசியில் சின்ன வெங்காயத்தை நசுக்க மட்டும் செய்ய வேண்டும். வெங்காயம் அரைபட்டுக் குழைந்தால் சம்பல் கசந்து தண்ணீர் விடும். ஆகவே குழவி அரைக்கிற ஓசை நின்று, தட்டுகிற ஓசை தொடங்குவதைக் கேட்டாலே சம்பல் முடியப்போகிறது என்று தெரியும். மேலே அரைத் தேசிக்காய்ப் புளி. சூட்டு ரொட்டியின் இனிப்பு, சம்பலின் உறைப்பு, தொண்டையைக் கழுவச் சாயத்தண்ணி. குளிர்காலக் காலைக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கையை நான் எந்த மேசையிலும் கண்டதில்லை.

இந்த ரொட்டி மலைநாட்டுக்கு மிகப் பழையதும் இல்லை. நம் மூதாதையர் கோப்பிக் காட்டுக்கு நடந்து வந்தபோது அவர்கள் அறிந்தது அரிசியும் கேழ்வரகும் கம்பும்தான். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். 1869 முதல் கோப்பியை இலைநோய் அழித்தது. தேயிலை மலையெங்கும் பரவியது. அப்போதும் தோட்டத்து உணவு அரிசியாகத்தான் இருந்தது. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. யுத்தகாலப் பங்கீட்டில் கோதுமை மா பெருகியது. பழக்கமில்லாத அந்த மாவை, கையிலிருந்த தேங்காயையும் தணலையும் கொண்டு லயத்துப் பெண்கள் வசப்படுத்திக்கொண்டார்கள். 1973, 74 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அந்தக் காலத்தைக் கண்ட கிழவிகள் இன்றும் ரொட்டியின் கருகிய ஓரத்தைக்கூட எறிவதில்லை. 2022 நெருக்கடியில் மா விலை பல மடங்கு ஏறியபோது ரொட்டி மறுபடி மெலிந்தது என்று அத்தை சொன்னார். தடிமனை வைத்தே ஒரு வீட்டின் வரவுசெலவைப் படித்துவிடலாம்.

மலையின் உயரத்துக்கும் சமையலில் பங்குண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் சீக்கிரம் மசியும் மைசூர்ப் பருப்பு மேலே போகப் போகக் கூடுதல் நேரம் கேட்கும். அத்தை அதனால் பருப்பை முதலிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலைக்குத் திரும்புவார். மெல்ல வெந்த பருப்பு அரைகுறையாகக் குழைந்து, பாதி மணி மணியாக நிற்கும். அதில் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் ரொட்டிக்கு இன்னொரு துணை.

மரக்கறி விஷயத்தில் மலை தாராளமானது. ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் பண்ணை போட்டு, தன் நாட்டு மரக்கறிகளையும் கால்நடைகளையும் பழக்கப்படுத்தப் பார்த்தார். இன்று கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் லயத்துப் பின்புறத் துண்டுக் காணிகளிலும் விளைகின்றன. துரைமார் சூப்புக்குப் போட்ட லீக்ஸை எங்கள் ஆட்கள் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் நெத்தலிக் கருவாடு! லீக்ஸின் வெள்ளைத் தண்டையும் பச்சை இலையையும் பொடியாக அரிந்து, நெத்தலியைத் தனியே மொறுமொறுப்பாகப் பொரித்து, கடைசியில் இரண்டையும் பிரட்டுவார்கள். இலை வதங்கி இனிக்கும். கருவாடு உப்பாகக் கடிபடும். மஞ்சள் கொஞ்சம், பச்சை மிளகாய் கொஞ்சம், வேறொன்றும் வேண்டாம். இலையை எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தக் கறியின் பாதி ருசி தெரியாது.

கொழுந்து பறிக்கும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வரும் வல்லாரையும் மணத்தக்காளியும் இன்னொரு செல்வம். வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பச்சையாகவே பிசைந்தால் சம்பல். களைநாசினி அடிக்கிற மலையில் இவற்றைப் பறிக்க இப்போது யோசிக்கிறார்கள். எந்த மலையில் எப்போது மருந்து அடித்தார்கள் என்கிற தகவல் லயத்தில் சமையற்குறிப்போடு சேர்ந்தே பரிமாறப்படுகிறது.

கடைசியாகத் தேத்தண்ணி. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை உள்ளிட்ட மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும். அப்போது கொழுந்து மெதுவாக வளரும், நிறை குறையும், மணம் கூடும். ஏலத்தில் நல்ல விலை போவது அந்தப் பருவத்துத் தேயிலைதான். அதன் பெரிய இலைகள் கப்பலேறுகின்றன. பறித்தவர் வீட்டுக்கு வருவது தூள். ஆனாலும் அதே மலை, அதே காற்று. கேத்தலில் தண்ணீர் தளதளத்ததும் தூளைப் போட்டு, இறக்கி, மூடி, அடி தெளியும்வரை பொறுத்து ஊற்றினால் செம்பொன் நிறத்தில் சாயம் விழும். சீனியைக் கோப்பையில் போட்டுக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் தேத்தண்ணி, நாக்கு நுனியில் ஒரு தொடுதல் சீனி என்று குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சீனியை மிச்சம் பிடிக்க வந்த வழக்கம் என்றாலும் ருசியில் அது வேறு ரகம். சாயத்தின் துவர்ப்பு கலப்பில்லாமல் முதலில் இறங்குகிறது. இனிப்பு பின்னால் வந்து அதைத் தணிக்கிறது. நல்ல தேயிலையை இனங்காண இதைவிட நேர்மையான முறை கிடையாது.

இன்று கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாக நிற்கிறது. காசல்ரீ கரையில் துரைமார் பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. மலைநாட்டுச் சாப்பாடு என்று உலகம் அறிந்தது பெரும்பாலும் அந்த மேசைகளின் கேக்கையும் மாலைத் தேநீரையும்தான். அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மலைகளை உண்டாக்கியவர்களின் அடுப்பில் உருவான சமையலுக்கும் ஒரு பெயரும் ஒரு மரியாதையும் உண்டு. இல்லாமையிலிருந்து பிறந்தது என்பதற்காக அதை இரக்கத்தோடு மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மாவை உதிர்க்கும் விரலிலும், குழவியின் ஓசை மாறும் இடத்திலும், தணலுக்குச் சாய்த்து வைக்கும் கோணத்திலும் இருப்பது தேர்ந்த கைவேலை.

ஊரைவிட்டு வந்த மலையகப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை போகும்போது அத்தையிடமோ அப்பாயியிடமோ அளவு கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். அவர்களிடம் அளவு கிடையாது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு ரொட்டி நீங்களே தட்டிப் பாருங்கள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் வழியில் ஏதாவதொரு தோட்டத்துச் சந்திச் சாயக்கடையில் நிறுத்தி, ரொட்டியும் கட்டச்சம்பலும் இருக்கிறதா என்று கேளுங்கள். மலைக்குப் போகிறவர்கள் வாங்கி முடிப்பதற்குள், விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்.