நினைவு தெரிந்தெடுத்த துயரம்

பட்டறிந்தவன் எழுதுவதெல்லாம் உண்மை இலக்கியமே என்ற கூற்று நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. பட்டறிவின்றி உயிருள்ள படைப்புத் தோன்றாது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், பட்டவை அனைத்தையுமா மனிதன் கதையாக்குகிறான்? இளமையிற் பட்ட காயத்தைப் பின்னாளில் எழுதும் ஆசிரியன் எதனைக் கொண்டான், எதனை விட்டான் என்று ஆராய்வதும் விமர்சகனின் கடமையன்றோ? சார்ள்ஸ் டிக்கன்ஸின் வாழ்வும் எழுத்தும் இதற்குத் தக்க சான்றாகும்.

1824ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், டிக்கன்ஸ் இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலிருந்த சப்பாத்து மைப் பட்டறையொன்றில் வேலைக்கு விடப்பட்டார். மைச் சாடிகளின் வாயைத் தாளால் மூடி, நூலாற் கட்டி, பெயர்த்துண்டு ஒட்டுவது அவர் வேலை. தந்தையோ கடன்பட்டு மார்ஷல்சி சிறையில் அடைபட்டார். இவ்வரலாற்றை டிக்கன்ஸ் தம் பிள்ளைகளுக்கும் சொன்னதில்லை. 1840களில் அதனை எழுதி நண்பர் ஜோன் போஸ்ரரிடம் கொடுத்தார். 1870இல் டிக்கன்ஸ் மறைந்த பின்னரே, போஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம் உலகம் அதனை அறிந்தது.

அக்குறிப்பில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பட்டறையில் எவ்வளவு காலம் இருந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஓராண்டோ, கூடவோ, குறையவோ என்று தடுமாறுகிறார். வாரக் கூலி ஆறு சிலிங்கா ஏழு சிலிங்கா என்பதிலும் ஐயம். ஆனால், சாதாரணத் தொழிலாளச் சிறுவரோடு சேர நேர்ந்த அவமானமும், கற்றவனாக உயரும் ஆசை சிதைந்த வேதனையும் சிறிதும் மங்கவில்லை. தரந்தாழ்ந்தோம் என்ற மத்தியதர வர்க்கத்தின் அச்சமே இந்நினைவின் மையமாக நிற்கிறது.

அதே பட்டறையில் பொப் பேகின் என்றோர் அநாதைச் சிறுவன் இருந்தான். ஒருநாள் டிக்கன்ஸுக்கு விலாவிலே கடும் வலி கண்டபோது, வெறும் மைப் போத்தல்களிற் சுடுநீர் நிரப்பி, அரைநாள் வரை மாறி மாறி ஒத்தடம் கொடுத்தவன் அவன். மாலையில், தனியே போகவிடாது வீடுவரை துணைவந்தான். சிறையைக் காட்ட வெட்கிய டிக்கன்ஸ், யாரோ ஒருவர் வீட்டு வாயிலில் நின்று, அதுவே தம் வீடென்று ஏமாற்றி அவனை அனுப்பினார்.

இதனைக் குறிப்பிலே எழுதியவர் டிக்கன்ஸ்தான். ஆகவே அவர் மறந்தாரெனக் கூறமுடியாது. ஆனால் அக்குறிப்பின் பகுதிகளை ஏறத்தாழ அப்படியே எடுத்தாண்ட ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ (1849–50) நாவலில் இந்த ஒத்தடத்துக்கு இடமில்லை. சிறுவனின் துயரம் முழுமையாக வந்துவிட்டது. அத்துயரத்தை ஆற்றிய கை வரவில்லை. அதற்கு முன்பே ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில், சிறுவரைத் திருட்டுக்குப் பழக்கும் கொடியவனுக்குப் பேகின் என்ற பெயரைச் சூட்டிவிட்டார். அவனுடைய அன்பை ஏற்றால் தாமும் அவர்களுள் ஒருவராகிவிடுவோம் என்ற பழைய அச்சமே இங்கு தொழிற்பட்டது என்பது எமது கருத்து.

டேவிட் மதுப்போத்தற் பண்டகசாலையிலிருந்து தப்பியோடிப் பாட்டி முறையான உறவினரிடம் அடைக்கலம் பெறுகிறான். அங்கு எஞ்சிய மிக் வோக்கர் முதலிய சிறுவர் என்ன ஆனார்கள் என்று நாவல் கேட்பதில்லை. டேவிட்டுக்கு வீழ்ச்சியாகத் தோன்றிய அதே வேலைதான் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை!

பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கண்ணீரைக் குற்றஞ் சொல்வது எமது நோக்கமன்று. அக்கண்ணீரிலிருந்தே ஏழைச் சிறுவர்பால் இரக்கமுள்ள பெருங்கலைஞன் ஒருவன் பிறந்தான். ஆனால் நாவலை எழுதத் தொடங்கியவருக்கு வயது முப்பத்தேழு. பிள்ளையின் கண் காணாததை முதிர்ந்த கண் கண்டிருக்க வேண்டும்.

இந்நாவலை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், டேவிட்டின் துயரத்தோடு நின்றுவிடாது, பக்கத்து மேசையில் சாடிக்குத் தாள் ஒட்டிய சிறுவனைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பார்களாக. தம் இளமைத் துயரை எழுதப்புகும் எழுத்தாளரும் அக்கேள்வியைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நன்று. தன் காயத்தை மட்டும் நினைவு கூர்பவன் பாதி உண்மையையே எழுதுகிறான்.