சட்டையும் தோலும்
கலப்பினத்தாரைப் பற்றிய எழுத்துகள் குறித்து

ஒரு மக்கள் பிரிவுக்கு ஊரார் இடும் பெயர், அம்மக்களைப் பற்றிச் சொல்வதைவிடப் பெயரிட்டவர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்லும். ஆங்கிலோ இந்தியரைத் தமிழ் மக்கள் 'சட்டைக்காரர்' என்று அழைத்தனர். இடுப்புக்கு மேல் துணியின்றி வெயிலில் உழைத்தவர்கள் நிறைந்த நாட்டில், சட்டை அணிவதே ஓர் இனத்தின் அடையாளமாயிற்று. அந்தப் பெயரில் தோலின் நிறம் இல்லை, பிறப்பு இல்லை, மதமும் இல்லை. உடை இருக்கிறது, உடைக்குப் பின்னால் அதை வாங்கத்தக்க வருவாய் இருக்கிறது. இனம் என்று எண்ணப்பட்டதற்குள் வர்க்கம் அடங்கியிருந்ததை நம் முன்னோர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டனர்.

பெரம்பூர்வாசிகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. ரயில்வே பணிமனைகளை ஒட்டி வளர்ந்த இவ்வூரில் சட்டைக்காரரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்திருக்கின்றனர். ஒரே ஆலயத்தில் முழங்காலிட்டிருக்கின்றனர். ஆயினும் இம்மக்களைப் பற்றி எழுந்த கதைகளையும் படங்களையும் எடுத்துப் பார்த்தால், அவை சட்டையைக் கண்ட அளவுக்குச் சம்பளப் பட்டியலைக் காணவில்லை என்பது புலனாகும். கலப்பு அவற்றில் காதலாக வருகிறது, தனிமையாக வருகிறது, ஏணியாக வருவதில்லை. இக்குறையைச் சரியாக அளந்தறிய, கலப்பையே தன் தேசியப் பெருமையாக அறிவித்துக்கொண்ட ஒரு நாட்டை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

மெக்சிக்கோவின் ஏணி

இசுபானியர் ஆண்ட காலத்து மெக்சிக்கோவில், 18ஆம் நூற்றாண்டில், ஒரு விந்தையான ஓவிய மரபு தழைத்தது. ஒவ்வோர் ஓவியத்திலும் தந்தை, தாய், குழந்தை என மூவர். அக்கலப்பில் பிறந்த குழந்தை எந்தச் சாதி என்னும் குறிப்பும் உடன் எழுதப்பட்டிருக்கும். இசுபானியருக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கும் பிறந்தவர் மெஸ்திசோ. மெஸ்திசோவின் சந்ததி மீண்டும் மீண்டும் இசுபானியரோடு கலந்தால் மூன்றாம் தலைமுறையில் இசுபானியராகவே எண்ணப்படும். ஆப்பிரிக்கரின் சந்ததிக்கோ அத்தகைய திரும்பும் வழி இல்லை. பட்டியல் நீள நீளப் பெயர்கள் கேலியாகின்றன: 'அந்தரத்தில் நில்' என்று ஒரு சாதி, 'உன்னை எனக்கு விளங்கவில்லை' என்று இன்னொரு சாதி. மிகேல் கப்ரேரா என்னும் ஓவியர் 1763இல் தீட்டிய பதினாறு ஓவியங்களின் வரிசை இவற்றுள் புகழ்பெற்றது. அதைத் தொடர்ந்து பார்த்து வருவோர் ஒன்றைக் கவனிப்பர். முதல் ஓவியங்களில் பட்டும் சரிகையும். கடைசி ஓவியங்களில் கிழிசல். நிறம் இறங்க இறங்க உடையும் இறங்குகிறது. அங்கும் சட்டைதான் சாதி.

விடுதலைக்குப் பின்னர்ச் சாதிப் பெயர்கள் சட்டத்திலிருந்து நீங்கின. 1910இல் தொடங்கிய புரட்சிக்குப் பின் கலப்பே நாட்டின் கொள்கையாயிற்று. கல்வி அமைச்சராய் இருந்த ஹோசே வாஸ்கொன்சேலோஸ் 1925இல் வெளியிட்ட நூலில், எல்லா இனங்களும் கலந்து உருவாகும் புதிய மனித இனத்தைக் கனவு கண்டார். வெள்ளை இனமே உயர்ந்தது என்ற கூச்சல் ஐரோப்பாவில் ஓங்கிய காலத்தில் அது துணிவான குரல்தான். ஆயினும் அந்தக் கனவில் பூர்வகுடிகள் கரைந்துபோக வேண்டியவர்களாகவே இருந்தனர். ஆப்பிரிக்க வழியினர் ஏறக்குறைய மறக்கப்பட்டனர். 'நாம் அனைவரும் மெஸ்திசோக்கள்' என்ற முழக்கம் எழுந்தபின், நிறத்தால் இழிவுறுகிறேன் என்று ஒருவர் முறையிடுவதே கடினமாயிற்று. ஆப்பிரிக்க வழி மெக்சிக்கர்களை அந்நாட்டு அரசியலமைப்பு 2019இல்தான் ஏற்றுரைத்தது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 25 இலட்சம் பேர் தம்மை அவ்வாறு பதிவு செய்தனர்.

1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிக்கோவின் தூதராய்ப் பணியாற்றிய கவிஞர் ஆக்டேவியோ பாஸ், தம் நாட்டாரின் மனத்தை ஆராய்ந்து 1950இல் எழுதிய 'தனிமையின் புதிர்வழி' நம்மவர்க்கும் அறிமுகமானது. படையெடுத்து வந்த தந்தைக்கும் வெல்லப்பட்ட தாய்க்கும் பிறந்தவன், இருவரையும் மனமார ஏற்க இயலாமல் முகமூடி அணிந்து வாழ்கிறான் என்பது அவர் கண்ட உண்மை. ஆழமான பார்வை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் பேசும் 'மெக்சிக்கன்' ஒருவனே. சுரங்கத்தில் உழைக்கும் பூர்வகுடியின் தனிமையும் தலைநகரக் கவிஞரின் தனிமையும் ஒன்றாகுமா என்ற கேள்வியை அந்நூல் போதிய அளவு எழுப்பவில்லை.

சமயமும் இதற்கு விலக்கன்று. 1531இல் தெபேயாக் குன்றில் பூர்வகுடியினரான யுவான் தியெகோவுக்கு, அவருடைய தாய்மொழியில் பேசி, மாநிறத் திருமுகத்தோடு குவாதலூப்பே அன்னை காட்சியளித்தார் என்பது மரபு. 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, வழங்கப்பட்ட அதிகாரபூர்வப் படத்தில் அவர் வெளுத்த நிறமும் அடர்ந்த தாடியும் கொண்டு ஓர் இசுபானியரைப் போலத் தோன்றினார் என்று அந்நாட்டிலேயே கண்டனம் எழுந்தது. அன்னை மாநிறமாய் வந்தார். அடியாரை வெளுக்க வைத்தவர்கள் மனிதர்கள்.

பெரம்பூரின் ஏணி

மெஸ்திசோ என்ற சொல் நமக்கும் அந்நியமன்று. அதன் போர்த்துகீசிய உடன்பிறப்பு, மயிலைச் சாந்தோம் குடியேற்றத்தில் கலப்புக் குடும்பங்களைக் குறித்து வழங்கியதே. ஆங்கிலேயர் வந்தபின் கலப்பு திட்டமாகவே வகுக்கப்பட்டது. 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், புனித ஜார்ஜ் கோட்டைப் படைவீரர்கள் உள்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவித்து, அம்மணத்தில் பிறக்கும் குழந்தைக்காகத் தாய்க்கு ஒரு வராகன் அளிக்க எண்ணி எழுதினர். நூறாண்டு கழித்து, 1791இல், அதே கம்பெனி, பெற்றோர் இருவரும் ஐரோப்பியராய் இல்லாதவர்க்குத் தன் உயர் பணிகளின் கதவை அடைத்தது. ஆள் தேவைப்பட்டபோது பரிசு. அச்சம் வந்தபோது தடை. இனம் என்பது இயற்கையின் கோடு அன்று, நிர்வாகத்தின் கோடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் பணிமனையும் எழுந்தது. எஞ்சின் ஓட்டுநர், கார்டு, ஃபோர்மேன் போன்ற பணிகளில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் முன்னுரிமை வழங்கப்பட்டது. ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், அவருக்குக் கீழே ஆங்கிலோ இந்தியருக்கு, அதற்கும் கீழே தமிழருக்கு. கரி அள்ளிப் போட்டவரும் கைப்பிடியைப் பிடித்தவரும் ஒரே எஞ்சினில் நின்றனர். ஒரே கரிப்புகை இருவர் மீதும் படிந்தது. மாதக் கடைசியில் அவர்கள் வேறு வேறு இனத்தாராயினர்.

ஏணியின் கீழ்ப்படியிலும் படிகள் இருந்தன. 1918இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் ஏடுகளுள் ஒன்று. பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளரே அதன் உயிர். மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தில், சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் எதிரெதிரே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கூலியால் ஒன்றுபட்டவர்களைப் பிறப்பு பிரித்தது. பட்டினிக்கு அஞ்சி வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடரைக் கருங்காலிகள் என்று ஏசுவது எளிது. வேலை நாட்களில் தம்மைத் தீண்டாதவர்கள் வேலைநிறுத்த நாட்களில் மட்டும் தோழர் என்று அழைத்தபோது, அந்த அழைப்பை அவர்கள் எவ்வாறு நம்பியிருக்க முடியும் என்று கேட்பதே நேர்மை.

விடுதலைக்குப் பின் எழுந்த அரசியலமைப்பு ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுத்தது. தந்தை வழியில் ஐரோப்பியர் இருக்க வேண்டும்; தாய் வழி போதாது. ரயில்வே உள்ளிட்ட சில துறைகளில் அவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து முடிக்கவும் அது வழிசெய்தது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தபோது, அந்தப் பழைய சலுகை தேய்ந்துகொண்டிருந்தது. பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். சட்டமன்ற, நாடாளுமன்ற நியமன இடங்களும் 2020 சனவரியில் நீங்கின. ஆலயத்தில் அவர்களுக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்த தலித் கத்தோலிக்கருக்கோ, 1950ஆம் ஆண்டின் ஆணை, கிறிஸ்தவர் என்ற காரணத்தாலேயே பட்டியல் இனத்தாரின் உரிமையை மறுத்தது. ஒருவரின் பிறப்பைச் சட்டம் நினைவில் வைத்தது. மற்றவர் திருமுழுக்குப் பெற்றதும் அவருடைய பிறப்பைச் சட்டம் மறந்தது. ஊர் மறக்கவில்லை.

எழுதப்பட்டவை

இவ்வளவு செறிந்த வாழ்வை எழுத்து எவ்வாறு கண்டது? ஜான் மாஸ்டர்ஸ் 1954இல் எழுதிய 'பவானி ஜங்ஷன்' ரயில்வே ஆங்கிலோ இந்தியரை மையத்தில் நிறுத்திய நாவல். அதன் நாயகி விக்டோரியா, ஒரு சீக்கியர், ஓர் ஆங்கிலேயர், தன் இனத்தவன் ஒருவன் என மூவருக்கிடையே தடுமாறுகிறாள். அடையாளம் என்பது கணவனைத் தேர்ந்தெடுப்பது போல் எளிதாகிவிடுகிறது. நாவலில் அவள் தன் இனத்தவனிடமே திரும்புகிறாள். 1956இல் வந்த திரைப்படமோ அவளை ஆங்கிலேயரிடம் சேர்த்தது. அபர்ணா சென் 1981இல் இயக்கிய '36 சௌரங்கி லேன்' இதனினும் நுட்பமானது. கல்கத்தாவின் முதிய ஆசிரியை ஒருவரின் வீட்டை ஓர் இளம் இணையர் தம் தேவைக்குப் பயன்படுத்திவிட்டுப் பின் அவரை ஒதுக்கும் கதையில், தனிமைக்குள் வர்க்கத்தின் கொடுமை தெரிகிறது.

தமிழில் ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' தனியே எண்ணத்தக்கது. பர்மாவிலிருந்து மக்கள் தப்பி வந்த வழியில் கண்டெடுக்கப்பட்ட ஹென்றிக்குக் குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. அவனை ஒரு தமிழ்ச் சிற்றூர் ஏற்றுக்கொள்வதை ஜெயகாந்தன் எழுதியிருக்கும் முறை, தமிழ் நாவலின் பெருந்தன்மைக்கு ஓர் உயர்ந்த அடையாளம். அந்த மகிழ்ச்சியைக் குறைக்காமலேயே ஒரு கேள்வி கேட்கலாம். ஹென்றி அவ்வூருக்கு வெறுங்கையோடு வரவில்லை. வளர்த்த தந்தை சபாபதிப் பிள்ளையின் வீட்டுக்கு உரியவனாக வருகிறான். அவருடைய தம்பி துரைக்கண்ணு அவனை அண்ணன் மகனாகத் தழுவுகிறார். வீடும் பிள்ளை என்ற பெயரின் நிழலும் இல்லாது, கூலி தேடி ஒரு ஹென்றி வந்திருந்தால் அவன் அவ்வூரின் எந்தத் தெருவில் படுத்திருப்பான்? நாவலின் உலகம் விரிந்தது. அதன் வாசல் ஒரு சொத்தின் வாசல்.

பழைய தமிழ்த் திரைப்படங்கள் கவுன் அணிந்த நடனக்காரியையும் குடித்துத் தள்ளாடும் சட்டைக்காரரையும் கேலிக்கே பயன்படுத்தின. அவற்றுக்கு எதிரே, 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' வடசென்னையின் குத்துச்சண்டை உலகைக் காட்டியபோது, 'டாடி' என்று அழைக்கப்படும் கெவினை மதிப்புடைய மனிதராக்கியது. உழைக்கும் தலித் இளைஞன் கபிலனுக்கு அவர் தந்தைபோல் நிற்கிறார். கலப்பினத்தாரும் ஒடுக்கப்பட்டோரும் ஒரே தெருவின் உறவினராய் நம் திரையில் தோன்றுவது அரிது. ஆயினும் கெவினின் வரலாறு கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது, மையம் கபிலனுடையது.

யார் எங்கே அமர்ந்தார், யார் யாருக்கு வேலை செய்தார் என்பதைக் கூசாமல் எழுதும் துணிவை நமக்குக் காட்டியது பாமாவின் 'கருக்கு' (1992). ஊரின் தெருவமைப்பையும் கன்னியர் மடத்தின் வாழ்க்கையையும் அந்நூல் ஒரே கண்ணால் அளந்தது. ஒரே விசுவாசத்தை அறிக்கையிடுவோரிடையேயும் வருவாயும் பிறப்பும் எவ்வாறு சுவரெழுப்புகின்றன என்பதைக் காட்டியது. கத்தோலிக்க வாசகர் பலரை அது புண்படுத்தியது என்றால், புண் முன்பே இருந்தது என்பதே காரணம்.

பெரம்பூருக்கு இத்தகைய கண் கொண்ட ஒரு நாவல் தேவை. அதில் பணிமனைச் சங்கொலியும், சம்பள நாளும், ஆங்கிலத் திருப்பலிக்குச் சென்றவரும் தமிழ்த் திருப்பலிக்குச் சென்றவரும், ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல இயலாது தங்கிவிட்ட ஏழைச் சட்டைக்காரக் குடும்பங்களும், அவர்கள் வீட்டில் சமைத்த தமிழ்ப் பெண்களும் ஒருங்கே இடம்பெற வேண்டும். மெக்சிக்கோ தன் கலப்பைக் கொண்டாடி ஏணியை மறைத்தது. நாமோ தூய்மை பேசிக் கலப்பை மறைத்தோம். ஏணியை மறைக்கக்கூட முயலவில்லை. தமிழகத்தின் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினைச் சுவரெழுப்பியவர்கள் நாம். ஒரே பந்தியில் அப்பம் பகிரும் மக்கள் என்று சொல்லிக்கொள்வோர், அப்பந்திக்கு யார் எந்தக் கூலியோடு, எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதை எழுதிப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை. அதை எழுதவல்லவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கின்றனர். முதிய ரயில்வே தொழிலாளரின் நினைவுகள் மறையுமுன் அவர்கள் எழுதத் தொடங்குவார்களாக.