இருட்கடலும் ஒரு படகும் — கணினி விளையாட்டொன்றின் அச்சச் சுவை

எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்பது தொல்காப்பியர் கொள்கை. இப்பாகுபாட்டினைச் செய்யுளுக்கும் நாடகத்துக்கும் உரியதாகவே நாம் இதுகாறும் பயின்று வந்துள்ளோம். கணினியில் ஆடும் விளையாட்டொன்றினை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது தகுமோ என ஐயுறும் ஆசிரியர் பலர் உளர். யானும் அவருள் ஒருவனாகவே இருந்தேன். சென்ற விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் 'டிறெட்ஜ்' என்னும் விளையாட்டினை என்னிடம் கொணர்ந்தான். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவனைக் கண்டிப்பதே என் நோக்கமாயிருந்தது. மூன்று இரவுகள் கழிந்தன. கண்டிக்கும் தகுதியை யான் இழந்துவிட்டேன்.

நியூசிலாந்து நாட்டுச் சிறு குழுவொன்றாகிய பிளாக் சோல்ற் கேம்ஸ் ஆக்கிய இவ்விளையாட்டு 2023 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆந் திகதி வெளிவந்தது. கதை எளிது. மூடுபனியிற் பாறைமேல் மோதிப் படகிழந்த மீனவன் ஒருவன் தீவொன்றிற் கண்விழிக்கின்றான். அவ்வூர்த் தலைவர் அவனுக்குப் பழைய படகு ஒன்றினை அளிக்கின்றார். அதன் விலையை மீன் பிடித்து விற்றுத் தீர்த்தல் வேண்டும். பொழுது சாயுமுன் கரைக்குத் திரும்பிவிடுக என்பது அவர் கூறும் அறிவுரை. அறிவுரை கேட்டவுடனேயே ஆடுபவனுக்கு இரவின்மேல் ஆவல் பிறந்துவிடுகின்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விளையாட்டின் நுட்பம் முழுவதும் காலத்தை அது கையாளும் முறையில் அமைந்துள்ளது. படகு நின்றாற் காலமும் நிற்கும். படகு ஓடினாலோ தூண்டில் இட்டாலோ கடிகாரம் ஓடும். ஆகவே இருள் தானாக வந்து ஆடுபவனைச் சூழ்வதில்லை. அவனே தன் செயலால் அதனை வரவழைக்கின்றான். படகின் வயிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு வடிவம். அவற்றைத் திருப்பியும் புரட்டியும் இடுக்கிலே செருகி அடுக்குதல் வேண்டும். இரண்டு கட்டம் வெறிதாகக் கிடக்கின்றது, இன்னும் ஒரு மீன் பிடிக்கலாமே என எண்ணுகிறோம். மேற்கே வானம் சிவந்துவிடுகின்றது. பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தவர்கள் 'இன்னும் ஒரு பக்கம்' என்னும் அச்சபலத்தை நன்கு அறிவர்.

இரவில் நிகழ்வன யாவை? திரையின் மேற்புறத்திற் கண்ணொன்று திறந்து அங்குமிங்கும் உருள்கின்றது. பகலில் இல்லாத பாறைகள் முன்னே முளைக்கின்றன. தொலைவில் மற்றொரு படகின் விளக்குத் தெரிகின்றது. துணை கிடைத்ததென அணுகினால் அது விளக்கேந்திய மீனரக்கன். மோதினாற் படகின் கட்டமொன்று உடைந்து, அதில் வைத்த மீன் கடலோடு போய்விடும். இவற்றினும் என்னை நடுங்கவைத்தது தூண்டிலில் அகப்படும் திரிந்த உயிரினம். வழக்கமான கொட் மீனை எதிர்பார்த்து இழுத்தால் மூன்று தலையுடையதொன்று மேலே வருகின்றது. அருவருத்து நாம் அதனை எறிந்துவிடுவதில்லை. அதற்கு விலை அதிகம். மீன் வாணிகன் விரும்பி வாங்குகின்றான். அச்சத்துடன் இளிவரலும், இளிவரலுடன் ஆதாயமும் இவ்வாறு பிணைக்கப்பட்டமை வேறெங்கும் யான் காணாதது.

இந்நூலினர்—விளையாட்டை நூல் என்றே கை எழுதிவிட்டது. இருக்கட்டும்—அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராவ்ற் என்பாரின் வழியினர் என்பது பலரும் ஒப்புவது. 1936 இல் வெளிவந்த அவருடைய இன்ஸ்மத் ஊர்க் கதையும் மீன்பிடி ஊரொன்றில் நிகழும் கொடுமை பற்றியதே. ஆயின் அக்கதையில் அச்சம் குருதிக் கலப்பிலிருந்து எழுகின்றது. அயலினத்தார்மேல் அவர் கொண்டிருந்த வெறுப்பு அதிற் படிந்திருப்பதை மறைத்தல் நேர்மையன்று. தன் குருதியும் அவ்வூராரின் குருதியே எனக் கதைத்தலைவன் இறுதியில் அறிந்து துணுக்குறுகின்றான். 'டிறெட்ஜ்' அக்குருதியினிடத்தில் செயலை வைத்துள்ளது. ஆழத்தைக் கிண்டி அமிழ்ந்த பொருளை மேலே கொணர்தல் என்பதே விளையாட்டின் பெயருக்குப் பொருள். சேகரிப்பாளன் எனப்படும் ஒருவன் ஐந்து பழம்பொருள்களைக் கடலடியிலிருந்து எடுத்துத் தருமாறு மீனவனை ஏவுகின்றான். மிதந்துவரும் குப்பிகளுட் கிடைக்கும் கடிதங்கள் பழைய நிகழ்ச்சிகளைத் துணுக்குத் துணுக்காக உரைக்கின்றன. ஏவினவனும் ஏவப்பட்டவனும் ஒருவனே என்பது முடிவிற் புலனாகின்றது. அணங்கும் விலங்கும் கடலில் உள. கடன் கொடுத்த தலைவர் இறையினிடத்தில் நிற்கின்றார். கள்வன் எங்கே எனத் தேடிய எனக்கு அவ்விடத்தில்தான் விடை கிடைத்தது.

குறையும் உண்டு, அது சிறியதன்று. பொருள் சேரச் சேர விசைமிக்க இயந்திரமும் ஒளிமிக்க விளக்கும் வாங்கிக்கொள்ளலாம். பாதிவழியில் மீனரக்கனை எளிதாகக் கடந்து செல்லும் நிலை வந்துவிடுகின்றது. வறுமை நீங்கியதும் அச்சமும் நீங்கிவிட, பிற்பகுதி ஏவல் செய்து முடிக்கும் வேலையாகத் தளர்கின்றது. ஆக்கியோர் இரவையும் படகோடு வளர்த்திருத்தல் வேண்டும். 2023 நவம்பரிலும் 2024 ஓகஸ்டிலும் வந்த இரு சேர்க்கைகள் புதிய கடற்பரப்பையும் புதிய மீன்களையும் தந்தன, இக்குறையைத் தீர்க்கவில்லை.

முடிபுகள் இரண்டு. சடங்கை நிறைவேற்றினால் இறந்த மனைவி மீள்கின்றாள். ஆழத்திலிருந்து எழுந்த பேருரு ஊரை அழிக்கின்றது. தீய நூலைக் கடலில் எறிந்தால் ஊர் பிழைக்கின்றது. மீனவன் கடலுக்கு இரையாகின்றான். இரண்டாவதே சிறந்தது என்பது என் துணிபு. மாணவன் இதற்கு உடன்படவில்லை. "அவன் அவ்வளவு தூரம் கிண்டியது அவளுக்காகத்தானே, சேர்" என்றான். அவனுக்கு விடைகூற எண்ணி முதலாம் முடிபினை மறுமுறை ஆடிப் பார்த்தேன். மனைவி எழுந்து வருங்கால் அவன் முகம் கரையை நோக்கித் திரும்பவில்லை.