பாதையும் நிலமும்: குரிட்டிபா நகரமைப்புப் பற்றிய ஒரு மதிப்பீடு

பொதுப் போக்குவரத்தை அச்சாகக் கொண்ட நகரமைப்புக்குப் பிரேசிலின் தென்பகுதியிலுள்ள குரிட்டிபா முன்மாதிரியாகச் சுட்டப்படுவது வழக்கம். அப்புகழ் காரணமற்றதன்று. 1966ஆம் ஆண்டின் பெருந்திட்டம், நகர் எத்திசையிலும் சிதறிப் பரவுவதைத் தவிர்த்து, தெரிந்தெடுத்த சில நெடும்பாதைகளையொட்டி வளர வழிவகுத்தது. 1974 முதல் அப்பாதைகளின் நடுவே பஸ் வண்டிகளுக்கெனத் தனித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றின் இருமருங்கிலும் உயர்மாடிக் கட்டிடங்கள் ஊக்குவிக்கப்பட்டன. 1972இல் பிரதான வணிக வீதியொன்று மோட்டார் வாகனங்களிடமிருந்து மீட்கப்பட்டு, நடந்து செல்வோருக்கு உரியதாயிற்று. 1991இல் அறிமுகமான குழாய்வடிவத் தரிப்பிடங்களின் தளமும் வண்டியின் தளமும் ஒரே மட்டத்தில் அமைந்தமையால், படியேற இயலாதோரும் சிரமமின்றி ஏற முடிந்தது.

1980இல் நடைமுறைக்கு வந்த ஒரே கட்டண முறை தனித்து நோக்கத்தக்கது. குறுந்தூரப் பிரயாணிகள் நெடுந்தூரம் செல்வோரின் செலவில் ஒரு பங்கைச் சுமந்தனர். நகரின் ஓரங்களில் வாழும் வறியோருக்கு இது பெருஞ்சலுகை. ஆயின், அச்சலுகைக்குள்ளேயே ஒரு முரண்பாடு பொதிந்துள்ளது. வறியோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியோராயினமை ஏன்?

விடை நிலத்தில் உள்ளது. பொதுப்பணத்தால் அமைந்த பாதை அதன் அயலிலுள்ள காணிகளின் விலையை உயர்த்தியது. அவ்வுயர்வின் பயனை நிலவுடைமையாளர் பெற்றனர். அடுக்குமாடிகளில் வசதி படைத்தோர் குடியேறினர். உழைக்கும் மக்கள் நகர எல்லைக்கும் அயல் நகரசபைகளுக்கும் ஒதுங்கினர். தரிப்பிடத்தின் வாயில் யாவருக்கும் திறந்திருந்தது. அதனருகிலுள்ள வீட்டின் வாயில் அவ்வாறிருக்கவில்லை. நடந்து செல்லும் தூரத்தில் யாவும் கிடைக்கும் வாழ்வு, விலைகொடுத்து வாங்கும் பண்டமாயிற்று.

இத்திட்டத்தை முன்னெடுத்த கட்டடக்கலைஞர் ஜைமே லேர்னர், 1971இல் இராணுவ ஆட்சியின்கீழ் மாநகர முதல்வராக நியமிக்கப்பட்டவர். மக்களால் தெரிவு செய்யப்பட்டவரல்லர். திட்டம் நிறைவேறிய விரைவைப் போற்றுவோர், மக்களின் குரல் அடக்கப்பட்டிருந்த சூழல் அவ்விரைவுக்குத் துணைநின்றதைக் கருத்திற் கொள்வதில்லை.

இது பொறியியலின் தோல்வியன்று. நிலவுடைமை பற்றிய கேள்வியை எழுப்பாது விட்டதன் விளைவு. சொத்துக்குச் சமூகக் கடமை உண்டென்பதைப் பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஏற்றது. அதன்வழி வந்த 2001ஆம் ஆண்டின் நகரச் சட்டம், வறியோர் குடியிருப்புக்கென நிலப்பகுதிகளை ஒதுக்கும் அதிகாரத்தை நகரசபைகளுக்கு உறுதிப்படுத்தியது. பாதை அமைந்து காணி விலை ஏறிய பின்னர் அத்தகைய ஒதுக்கீடு கடினமாகும். பாதையை வரையும்போதே அதன் அருகில் வாழப்போவோர் யார் என்பதையும் தீர்மானித்தல் வேண்டும் என்பதே குரிட்டிபா தரும் படிப்பினை எனலாம்.