கை தெரியும் சுவர்

நல்ல மண்பூச்சைப் பார்க்க வெயில் சாயவேண்டும். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் ஒன்றுதான். பின்னேரம் ஐந்து மணி வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் பூசியவரின் கை போன போக்குத் தெரியும்: தோள் எட்டும் தூரத்துக்கு வளைந்து இறங்கும் அரைவட்டங்கள், ஒன்றின் விளிம்பை மற்றது மூடியபடி. யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் இப்படிப்பட்ட சுவரை இனி வளவின் பின்பக்கத்தில், பழைய குசினியிலோ மாட்டுக்கொட்டிலிலோதான் தேடிப் பார்க்கவேண்டும்.

பூச்சின் பாதி வேலை மண் குழைக்கிற இடத்திலேயே முடிந்துவிடும். களி கூடினால் காய்ந்ததும் வெடிக்கும். மணல் கூடினால் கை பட்டாலே உதிரும். தெரிந்தவர்கள் ஈரமண்ணை விரல்மொத்தத்தில் திரித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். சட்டென்று அறுந்தால் களி போதாது. தொண்டைமானாற்று நீரேரிப் பக்கத்து உவர்மண்ணைத் தொடவே கூடாது. காய்ந்தபிறகு உப்பு வெள்ளையாய்ப் பூத்துப் பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். உவர்க்கிணற்றுத் தண்ணீரும் அதையே செய்யும்.

பிறகு வைக்கல். விரல் நீளத்துக்கு வெட்டி, மண்ணோடு போட்டு, தண்ணீர் விட்டுக் காலால் மிதித்து, மூடிவைப்பார்கள். சில நாளில் புளித்த மணம் வரும். அந்த மணத்துக்கு மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு இந்த வேலை வராது. ஊறிய வைக்கல் இளகிப் பசை விட, மண் வழுவழுப்பாகி ரொட்டிக்குக் குழைத்த மாவின் பதத்துக்கு வரும். களி காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் சுவர் பிளந்துவிடாமல் நாலாபக்கமும் இழுத்துப் பிடிப்பது இந்தத் துண்டு வைக்கல்தான்.

சுவரை நனைத்து, ஒரு கைபிடி மண்ணை ஓங்கி அறைந்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தி மேலே தள்ளுவது முதல் பூச்சு. அது நன்றாகக் காய்ந்து, வெடிப்பெல்லாம் வெளியே தெரிந்தபிறகே அடுத்தது. அவசரக்காரரின் சுவரை இந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கடைசியில் அரித்த மண்ணும் சாணகமும் கரைத்து மெழுகவேண்டும். சுவரும் நிலமும் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். நல்ல கைக்காரி அதைக் கூர்மையாக விடமாட்டாள். பெருவிரலின் பக்கவாட்டால் உருட்டி இழுத்துவிடுவாள். தூசி தங்காது, விளக்குமாறு தடங்கலில்லாமல் போகும். குந்தின் விளிம்பும் அப்படித்தான் உருண்டிருக்கும். இந்த மெழுக்கு பெண்களின் கைவேலை. வீட்டுவேலைதானே என்று விட்டதால் அதன் பக்குவங்களைப் பொறுப்பாக எழுதிவைத்தவர்கள் அரிது. நம் கலைகளைப் பற்றிய எழுத்தில் இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

வைக்கல் பூச்சுக்குள் மட்டும் நிற்பதில்லை; அதுவே சுவராகவும் நிற்கும். அமெரிக்காவின் மரம் அருகிய நெப்ராஸ்கா மணற்குன்றுகளில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இயந்திரத்தில் இறுக்கிய வைக்கற்கட்டுகளையே கல்லாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அங்கே ஆர்தர் என்ற ஊரில் 1928இல் அப்படிக் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. பிரான்சின் மொந்தார்ஜியில் 1920களின் தொடக்கத்தில் எழுந்த வைக்கல் வீடும் அப்படியே. இன்று வைக்கற்சுவர் கட்டுகிறவர்கள் முதலில் களிக்கரைசலை வைக்கலின் நுனிகளுக்குள் கையால் தேய்த்து ஏற்றுகிறார்கள். அதன்மேல் துண்டு வைக்கல் கலந்த தடித்த பூச்சு, கடைசியில் மெல்லிய மெழுக்கு. முதலில் தேய்க்கும் கரைசலை விட்டால், நம் அம்மம்மாமார் செய்த அதே வரிசை. சீமெந்து பூசினால் வெடிப்பு வழியே உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் வைக்கல் உக்கிவிடும். மண் ஈரத்தை வாங்கி, வெயிலுக்குத் திருப்பி விட்டுவிடும்.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் சீமெந்து கிடைக்காதபோது நமக்குக் கைகொடுத்தது மண்தான். பத்தாண்டுக்கு முன் இலங்கையின் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எழுந்த முதன்மையான ஆட்சேபங்களில் ஒன்று, இந்த வெயிலுக்கு அந்த வீடுகளின் சூடு. சித்திரை வெக்கையில் மண்வீட்டுக்குள் கால் வைத்தவருக்கு இந்த வாதத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வைக்கற்கட்டுச் சுவர் உடுப்பிட்டிக்கு ஒத்துவருமா? வரும் என்றே சொல்வேன். ஆனால் கார்த்திகை மழைக்குத் தாவாரம் நன்றாகக் கீழிறங்க வேண்டும். கறையானுக்கும் நிலத்து ஈரத்துக்கும் எட்டாதபடி கல் அத்திவாரம் உயர வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் எந்தப் பூச்சும் நிலைக்காது. முதலில் ஒரு சின்ன அறையில் செய்து பார்ப்பதே புத்தி. மெழுகத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், மாசியில் சூடடித்து வைக்கல் வந்ததும் அவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொல்லச் சொல்ல ஒரு சுவரையாவது உங்கள் கையால் பூசுங்கள்.